சங்ககிரி மலைக்கு மேலே என்ன இருக்கு?

ஊருக்கு வரும் சொந்தக்காரர்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போவது சேலத்தில் குடியிருப்பவர்கள் தலையில் விழுந்த வேலை. ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், இறங்கும்போது கால் கிலோ மிளகு, அரைக் கிலோ காப்பித்தூள். இந்த வரிசை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஏற்காட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சித்திரை வெயிலில் அஸ்தம்பட்டியில் சிக்னலுக்கு நின்றவர் எவரும் அந்த மலையைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் இதே சேலத்திலிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் போனால் ஒரு முழு மலைக்கோட்டை நிற்கிறது. ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இறங்கி ஏறியவர்கள் ரொம்பக் குறைவு. வாங்க போகலாம் என்று கூப்பிட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அங்க மேல என்ன இருக்கு?"

ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்வி. கேட்பவர் வேண்டுமென்று கேட்பதில்லை. நியாயமான கேள்விதான். அதற்கு உடனே சொல்ல என்னிடம் ஒரு பதில் இல்லாததுதான் எரிச்சல். அரண்மனை இல்லை, சிம்மாசனம் இல்லை, அருங்காட்சியகம் இல்லை, செஞ்சியைப் போலத் தூரத்திலிருந்தே வாயைப் பிளக்க வைக்கும் கல்யாண மகால் இல்லை. சங்ககிரியில் இருப்பது வாசல்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வாசல்கள், இடையில் சுவர்கள், சுனைகள், ஒரு பெருமாள் கோயில், தர்கா, கூரை போன சில கட்டடங்கள், நிறையக் காற்று.

போன காணும் பொங்கலன்று என் மச்சினன் சென்னையிலிருந்து வந்திருந்தான். காலையிலேயே ஏற்காட்டுக்குக் கிளம்பி, அடிவாரம் வரைக்கும் போய், முன்னால் நின்ற கார் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஊர்ந்து ஏறி, மேலே நிறுத்த இடமில்லாமல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதற்கு நான் தயாராக இல்லை. அவனுக்கு முகம் வாடிப்போனது. சரி, மலைதானே வேண்டும், இன்னொரு மலை இருக்கிறது வா என்று வண்டியை அப்படியே கொண்டலாம்பட்டிப் பக்கம் திருப்பினேன். அரியானூர், காக்காபாளையம், மகுடஞ்சாவடி, அப்புறம் வைகுந்தம் சுங்கச்சாவடி. ஃபாஸ்டாக்கில் 'டிங்' என்று பணம் போனதும், "ஊருக்குள்ள சுத்தறதுக்கே டோலா மாமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மலை வந்துவிட்டது.

ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்ககிரியில் பார்க்க வேண்டியதே அந்த வழிதான் என்பது என் கட்சி. இந்த மலைக்கு ஏற ஒரே பக்கம்தான் தோது. மற்ற பக்கங்களெல்லாம் செங்குத்துப் பாறை. விஜயநகரக் காலத்தில் 15-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த கட்டுமானம் என்கிறார்கள். அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒரு சுவரோ வாசலோ சேர்த்திருக்கிறார்கள். அடிவாரத்து வாசலைத் தாண்டினால் கொஞ்சம் படி, கொஞ்சம் வெறும் பாறை, மறுபடியும் படி. மூச்சு வாங்கி இனிமேல் உட்காரலாம் என்று நினைக்கும் இடத்தில் அடுத்த வாசல் நிற்கும். ஆனால் நேராக நிற்காது. பாதை சுவரை ஒட்டியே கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று திரும்பி, அந்தத் திருப்பத்தில்தான் வாசல் வரும். ஏறுகிறவனின் பக்கவாட்டு உடம்பு முழுக்கச் சுவர்மேல் இருப்பவனுக்குத் தெரியும். ஏறுகிறவனுக்கு வாசல் தெரியாது. யானையை விட்டு முட்ட வைக்கலாம் என்றால் யானை நாலடி பின்வாங்கி ஓடிவரக்கூட இடமில்லை.

ஒரு வாசலில் மச்சினனை நிறுத்தி நிலைக்கல்லைக் காட்டினேன். உள்பக்கம் இரண்டு சுவர்களிலும் நேருக்கு நேராகக் கை நுழைகிற அளவுக்குச் சதுரக் குழி. ஒரு பக்கம் ஆழம் கம்மி, எதிர்ப்பக்கம் கை தோள்பட்டை வரை போகிறது. கதவைச் சாத்தி, ஆழமான குழிக்குள் தள்ளி வைத்திருக்கும் கணையமரத்தை இழுத்து, எதிர்க் குழியில் சொருகினால் தீர்ந்தது கதை. கதவும் இல்லை, மரமும் இல்லை, குழி மட்டும் இருக்கிறது. அதன் கீழ்விளிம்பில் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. மரத்தை இழுத்து இழுத்துத் தேய்ந்தது. தினமும் சாயங்காலம் யாரோ ஒரு காவல்காரர் அலுத்துக்கொண்டே இழுத்திருப்பார். அவன் குழிக்குள் கையை விட்டு, உள்ளே பல்லி ஏதோ ஓடியதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

மேலே போகப் போகச் சுவரின் குணம் மாறுவதையும் கவனிக்கலாம். கீழே பெரிய பெரிய கற்களை அடுக்கியது. மேலே சில இடங்களில் அதே கல் சுவரின் தலையில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மதில்பல் கட்டி, அதில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். அம்பு விடுகிற காலத்துச் சுவரின் மேல் துப்பாக்கி பிடிக்கிற காலம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. துளைகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நாம் சற்று முன் மூச்சிரைக்க ஏறிவந்த படி அப்படியே தெரியும். இதைப் பார்க்கும்போதுதான் பயமாக இருக்கும்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சுனையில் தண்ணீர் கிடந்தது, பாசி படர்ந்து, ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களோடு. தடித்த சுவர் வைத்த களஞ்சியக் கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன தக்காளி சோற்றைத் தின்றோம். மச்சினன் கையைக் கழுவிவிட்டு நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "கோவிச்சுக்காதீங்க மாமா. இவ்வளவு தூரம் ஏறி வந்தோம். மேல ஒண்ணுமே இல்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. கோட்டைக்கு வக்கீலாகப் பேச வாயெடுத்தேன், பேச ஒன்றும் வரவில்லை. அங்கே திருச்செங்கோட்டு மலை தெரிகிறது பார், தெளிவாக இருந்தால் மேற்கே காவேரிகூடத் தெரியும் என்று ஊர் காட்டினேன். தலையாட்டினான். ஏற்காட்டில் இதைவிட நல்ல வியூ இருக்கு என்று அவன் சொல்லவில்லை, நினைத்தது தெரிந்தது.

ஆடு ஓட்டி வந்தவர்

இறங்கும்போது பாதிவழியில் ஒரு வாசல் நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, கையில் தொரட்டி, சுற்றிலும் பாறையிடுக்கில் ஆடுகள். ஆடு நமக்குப் படி வேண்டிய இடத்தில் படியில்லாமல் ஏறும், அதைப் பார்க்கக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. எங்களைப் பார்த்ததும், "எந்தூருங்க சாமி?" என்றார். சேலம் என்றேன். "தம்பி?" "மெட்ராஸுங்கய்யா." உடனே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுரங்கம் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார். (தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. எல்லாமே அடுத்த ஜில்லா வரைக்கும் போகும், எல்லாவற்றின் வாயும் அடைத்திருக்கும்.) நான் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சுரங்கத்தை விட்டார்.

மச்சினன் அவரிடமும் அதையே கேட்டான். "ஏனுங்கய்யா, மேல ராஜா இருந்த எடமெல்லாம் எங்கங்க?"

"ராஜாவா? ராஜா இங்க எதுக்குங்க இருக்கறாரு? ராஜா மைசூருல. இது காசு வெக்கற எடமுங்க. நாட்டுக்குள்ள வசூல் பண்ணுன காசெல்லாம் இங்கதான் வந்து சேரும். அதெ ஒரு நாளு பாதிவழியில மறிச்சு வாங்கிப்போட்டாரு நம்ம சின்னமலை. கேட்டவனுகிட்ட என்ன சொன்னாருங்கறீங்க? சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவால ஒரு சின்னமலை புடுங்கிக்கிட்டான்னு போய்ச் சொல்லுன்னாரு."

இந்தக் கதை கொங்கு நாட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தீரன் சின்னமலை என்ற பெயரை நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது திருச்சியிலிருந்து வரும் போக்குவரத்துக் கழகப் பஸ்ஸின் பக்கவாட்டில், கதையைக் கேட்டது அதற்கும் முன்னால். ஆனால் அந்தக் காசு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் யோசித்ததே கிடையாது. மைசூருக்கு என்றுதான் கதையில் வரும். நடுவில் அது எங்காவது தங்க வேண்டும், எண்ண வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். பெரியவர் தொரட்டியால் கீழே ஓடும் சாலையைக் காட்டினார். லாரிகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. "அந்தத் தடத்துல போற வண்டி ஒண்ணு மேல இருக்கறவன் கண்ணுக்குத் தப்ப முடியுமுங்களா? சொல்லுங்க."

தப்ப முடியாது. நான் அதுவரை மேலே நின்று திருச்செங்கோட்டையும் காவேரியையும் காட்டிக்கொண்டிருந்தேன். காட்ட வேண்டியது காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

வசூல் போன வழி

வீட்டுக்கு வந்தபின் இதையே பிடித்துக்கொண்டு யோசித்தேன். சங்ககிரியை ராஜாவின் கோட்டையாக நினைத்துக்கொண்டு ஏறினால் ஏமாற்றம்தான். அதை ஒரு பெரிய லாக்கராக நினைத்துக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு கல்லுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. எதற்கு இத்தனை வாசல், எதற்கு ஒரே வழி, எதற்கு உச்சியில் அவ்வளவு தடித்த சுவரோடு களஞ்சியம், எதற்கு மேலேயே தண்ணீர். உள்ளே இருப்பவர்கள் வெளியே வராமல் மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். லாக்கரைக் காலி செய்துவிட்டுப் போனபின் திறந்து பார்த்து ஒன்றுமே இல்லையே என்றால் எப்படி?

மைசூர்க்காரர்கள் காலத்தில் மட்டும் இப்படி இல்லை. 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனபோது திப்பு ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அந்தப் பணம் வந்து சேரும்வரை இரண்டு பிள்ளைகள் பிணை. பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியை வெள்ளைக்காரர்கள் விதவிதமாகப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு ஒரு விவரம். பாதி ராஜ்யம் என்றால் மைல் கணக்கில் அளந்து கோடு கிழிக்கவில்லை. எந்தத் தாலுகா வருஷத்துக்கு எத்தனை வராகன் வசூல் தரும் என்று கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, வருமானத்தில் பாதி எடுத்தார்கள். அந்தக் கணக்கில்தான் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்), சேலம், திண்டுக்கல், மலபார் எல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. அதாவது நம்ம ஊர் கைமாறியது ஒரு பேரேட்டில் ஒரு வரியாக.

வந்த கையோடு கம்பெனி செய்த முதல் காரியம் கலெக்டர் போட்டது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு, பட்டாளத்துக்காரர். அவருக்குக் கீழே வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பெயரைக் கேட்டதும் மச்சினன், "யாரு மாமா, மவுண்ட் ரோட்டுல குதிரை மேல உக்காந்திருக்காரே, அவரா?" என்று போனில் கேட்டான். அவரேதான். தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர், பின்னால் சென்னை கவர்னராக ஆனவர், வரிவசூல் வேலையைக் கற்றுக்கொண்டது நம்ம சேலம் ஜில்லாவில். தர்மபுரியில் ஏழு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறார். ஜமீன்தார், மிட்டாதார் என்று நடுவில் ஆள் வைக்காமல், நிலத்தை அளந்து, உழுகிறவன் பேரிலேயே தீர்வை போட்டு, அவனிடமே நேராக வாங்குவது என்ற ரயத்துவாரி முறையை ரீடும் மன்றோவும் பழகிப் பார்த்தது இந்த மண்ணில்தான். உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டாவுக்கு அங்கிருந்து ஒரு நூல் ஓடுகிறது. நடுவில் அந்த முறையை விட்டார்கள், மிட்டாக்களை ஏலம் போட்டார்கள், மறுபடி திரும்பி வந்தார்கள். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

ஆளை மாற்றினார்களே தவிர லாக்கரை மாற்றவில்லை. கொங்குப் பக்கத்து வரிப்பணம் வைக்கும் இடமாகக் கம்பெனியும் சங்ககிரியைத்தான் வைத்துக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் அதுதானே நடக்கும்? அறுவடை முடிந்தால் கிஸ்தி. கிஸ்தி என்றால் காசு. பேங்க் கிடையாது, ரயில் கிடையாது, காசு மாட்டின் முதுகில்தான் போக வேண்டும். போகும் வழியில் ஒவ்வொரு பாளையத்துக்காரருக்கும் அதன்மேல் ஒரு கண். காவலுக்குப் பட்டாளம் இருக்கும் உயரமான இடம் ஏற்கெனவே கட்டித் தயாராக இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

1799-ல் திப்பு செத்ததும் எல்லைக்கோடு எங்கேயோ போய்விட்டது. கோயம்புத்தூரும் கம்பெனியிடம், மைசூரில் அவர்கள் உட்காரவைத்த ராஜா. 1860-களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து மேற்குக் கடற்கரை வரை ரயில் பாதை போட்டபோது அது இந்த மலைக்குக் கீழேதான் போனது. காசு போகும் வழி, சரக்குப் போகும் வழி, எல்லாம் அதே தடம்தான். இன்றைக்கும் சங்ககிரி என்றால் கொங்கு நாட்டில் லாரிதான் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்கு வீடு லாரி ஓனர். பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல், அதனால் 1960-களிலிருந்து சிமென்ட் ஆலை. இரண்டும் சேர்ந்து ஊருக்கு மேல் ஒரு வெள்ளைத் தூசியைப் போர்த்தி வைத்திருக்கின்றன. கீழே இவ்வளவு பரபரப்பாக இருக்கிற ஊரில் மலைக்கு மேலே மட்டும் ஆளே இல்லை என்றால், வேலை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். வைகுந்தத்தில் 'டிங்' என்று கேட்டதே, அதுவும் அந்த வேலைதான். படியேறத் தேவையில்லை.

ஆடிப் பதினெட்டும் மற்ற நாட்களும்

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆடிப் பதினெட்டு அன்றைக்குச் சங்ககிரிக்குப் போய்ப் பாருங்கள், கால் வைக்க இடமிருக்காது. தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட நாள். கட்சி வித்தியாசமில்லாமல் எல்லா வெள்ளைச் சட்டைகளும் வரும், ஆளுயர மாலை வரும், மைக் செட் வரும், ஒரு கட்சி மாலை போட்டு இறங்கும்வரை அடுத்த கட்சி வெயிலில் நிற்கும். தப்பில்லை, போட வேண்டிய மாலைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவரை ஏன் இங்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள் என்ற கேள்வி வந்திருக்கும்?

பிறந்தது காங்கேயம் பக்கம் மேலப்பாளையம், 1756-ல். திப்பு பக்கம் நின்று கம்பெனியோடு சண்டை போட்டவர். அவன் அப்பன் காலத்துத் திவானின் ஆட்களிடம்தான் முன்னால் வரிப்பணத்தைப் பறித்தார் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மனிதர் சிலையிலிருந்து இறங்கி நம் பக்கத்தில் வருகிறார். திப்பு போனபின் ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 1801-ல் காவேரிக்கரையில், 1802-ல் ஓடாநிலையில், 1804-ல் அறச்சலூரில் என்று கம்பெனிப் படையை மூன்று தடவை விரட்டியதாகச் சொல்கிறார்கள். கடைசியில் பிடிபட்டதற்குச் சமையல்காரன் காட்டிக்கொடுத்தது காரணம் என்பது ஊர்வழக்கு. 1805 ஜூலை 31 அன்று தம்பிமாரோடு சேர்த்து இங்கே தூக்கு. ஓடாநிலையில் வைத்தே செய்திருக்கலாம், ஈரோட்டில் செய்திருக்கலாம். கொண்டுவந்தது எங்கே? எந்தக் காசை மறித்துத் தன் பெயரைச் சொல்லச் சொன்னாரோ, அந்தக் காசைப் பூட்டி வைக்கும் மலைக்கு. கம்பெனிக்காரன் அதை நினைத்துத்தான் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டாளமும் பூட்டும் இங்கே இருந்தன, அதனால் செய்திருப்பான். ஆனால் கீழே கூடிய சனத்துக்கு அந்த மலை எதற்கானது என்று தெரியாமலா இருந்திருக்கும்?

இதெல்லாம் தெரிந்துகொண்டு ஏறினால் அந்தக் கணையமரக் குழியே வேறு மாதிரி தெரிகிறது. ஆடிப் பதினெட்டு மாலைகள் பெரும்பாலும் கீழேயே முடிந்துவிடுகின்றன. மேலே ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். புரட்டாசிச் சனிக்கிழமை சென்னகேசவப் பெருமாளைப் பார்க்க ஏறும் கிழவிகள் அவர்களைவிட அதிகம் என்பேன். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, கையில் துளசியோடு, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, நம்மை முந்திப் போய்விடுவார்கள். அதே பெருமாள் சித்திரைத் தேருக்கு மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வருவார். மேலேயே தர்கா இருக்கிறது, அங்கேயும் வேண்டிக்கொள்ள ஆள் வருகிறது. கோட்டை அவர்களுக்கு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை போல.

மச்சினனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலம் தாரமங்கலமும் போனோம். கட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். மதிலையும் ஆணி அறைந்த பெரிய கதவையும் பார்த்தால் அதுவே பாதிக் கோட்டை. உள்ளே தூணில் வாலி, சுக்ரீவன், மறைந்து நிற்கும் ராமன். ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான், வாலியிடமிருந்து பார்த்தால் ராமன் தெரியவில்லை. மச்சினன் அங்கேயும் இங்கேயும் ஓடி ஓடிப் பார்த்தான், அப்புறம் என்னிடம் வந்து, "காலைல அந்த ஓட்டைல பாத்தமே மாமா, அதே வேலை" என்றான். அதற்கப்புறம் எனக்குப் பெரிதாகப் பேச வேண்டியிருக்கவில்லை. சேலத்துக்குத் திரும்பி ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் இரண்டிரண்டு பிளேட் சாப்பிட்டோம், பீட்ரூட்டும் கேரட்டும் சட்டையில் சிந்த.

கோட்டைகளில் ஆசை வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் நிறைய இருக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்கு நாமக்கல், ஊர் நடுவில் ஒற்றைப் பாறை, பாறையிலேயே படி, அரைமணியில் ஏறி இறங்கிவிடலாம், கீழே குடைவரையில் நரசிம்மர், எதிரே 18 அடி ஆஞ்சநேயர். கால் நன்றாக இருந்தால் ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரியில் 1791-ல் கம்பெனிப் படை இரவில் ஏறப்போய்க் கல்லடி வாங்கிக்கொண்டு திரும்பிய பாறையில் நீங்களும் வழுக்கலாம். சங்ககிரிக்கு என்றால் மார்கழி, தை மாதம் நல்லது. விடிந்ததும் ஏறத் தொடங்கிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. தனியாகப் போகாதீர்கள், நடுவில் கால் பிசகினால் கூப்பிடக்கூட ஆளிருக்காது.

கடைசியாக அந்தப் பலகை. அடிவாரத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க இருக்கும் அதே பலகை. 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். சரி, வேண்டியதுதான், சுவரில் எழுதியிருக்கும் காதல்களைப் பார்த்தால் சட்டம் போதாது என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் எதைச் சேதப்படுத்தக் கூடாது என்று நமக்குச் சொல்ல அந்த இடத்தில் ஒரு பத்து வரி கிடையாது. இந்த மலையில் எத்தனை வாசல், எது யார் காலத்தது, களஞ்சியம் எது, காசு எங்கே இருந்தது, சாலை எப்படிப் போனது என்று தமிழில் ஒரு வரைபடம் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஆட்டுக்காரப் பெரியவர் இல்லாத நாளில் வருகிறவர் என்ன செய்வார்?

ரோப் கார் போட்டால் கூட்டம் அள்ளும் என்று பேச்சுக்கு யாராவது சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏறாமல் மேலே போனால் வாசல்களைப் பார்க்கவே மாட்டார்கள், நேராக உச்சியில் இறங்கி அதே கேள்வியைக் கேட்பார்கள். அடிவாரத்தில் சுத்தமான ஒரு கழிப்பறை, குடிதண்ணீர், தமிழில் ஒரு வரைபடம், பாதிவழியில் உட்கார நிழல், குப்பை போட இரண்டு தொட்டி. இவ்வளவையும் முதலில் செய்யட்டும். ரோப் காரை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.